திண்ணைக்கு மூன்று கட்டம், இஸ்தோப்புக்கு ஐந்து: தமிழ் வகுப்பில் சொற்புதிர்

மஸ்கெலியா மழை

வணக்கம். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 7க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். மொழிப் பாடத்தில் சொற்புதிர் வைத்துப் பார்த்தவர்களிடம் சில விஷயம் கேட்க வேண்டும். அதற்கு முன் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு வாரமலரில் வந்த குறுக்கெழுத்தைக் கரும்பலகையில் அப்படியே வரைந்தேன். போட்டோ கொப்பி எடுக்க டவுனுக்கு இறங்க வேண்டும், அதனால் பிள்ளைகள் கணக்குக் கொப்பியின் கட்டத்தில் பார்த்துக் கீறிக்கொண்டார்கள். அதிலேயே பாதி நேரம் போய்விட்டது. அப்புறம் குறிப்புகளை வாசித்தேன். "வீட்டின் முன்புறம் உட்கார்ந்து பேசும் இடம், மூன்று எழுத்து." விடை திண்ணை. ஒருவருக்கும் வரவில்லை. கடைசி வாங்கில் ஒரு பையன் மட்டும் கை தூக்கி, "சேர், ரெண்டு கட்டம் குறையுது" என்றான். போய்ப் பார்த்தேன். கட்டத்துக்கு வெளியே இன்னும் இரண்டு கட்டம் தானே கீறி, "இஸ்தோப்பு" என்று எழுதி வைத்திருந்தான். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வளரும் பிள்ளைக்கு வீட்டின் முன்புறம் என்றால் இஸ்தோப்புத்தான். நானும் லயத்தில் பிறந்தவன், எனக்கே அந்த நேரம் அது தோன்றவில்லை. குறிப்பை விளங்கிக்கொண்டான், எழுத்தை எண்ணினான், சரியாக எழுதினான். புதிர் கேட்ட எல்லாவற்றையும் அவன் செய்துவிட்டான். நான் போட்ட கட்டம்தான் அவனுக்குப் பொருந்தவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விடை தேடும் வேலையை விட்டுவிட்டோம். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, வீட்டிலும் தோட்டத்திலும் தினமும் சொல்லும் ஐந்து சொற்களை எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர்களே குறிப்பு எழுத வேண்டும், சொல்லை மட்டும் குறிப்பில் சொல்லக் கூடாது. வந்தவற்றில் சில:

கவ்வாத்து (தேயிலையைக் கத்தரிப்பது): "மரத்தை வெட்டுவார்கள், ஆனால் சாகாது."
பீலி (மலைத் தண்ணீர் விழும் குழாய்): "மலையிலிருந்து வரும், மூட முடியாது, நாங்கள் குளிப்போம்."
பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்): "விடியும் முன்னே அப்பாவுக்குப் பேர் போடும் இடம்."
கூடை: "நெற்றியில் கயிறு, முதுகில் வயிறு."

கூடைக்கு எழுதிய பிள்ளை, ஐந்து வரிக் கட்டுரை எழுதச் சொன்னால் ஒன்றரை வரியோடு பேனையை வைத்துவிடும் பிள்ளை.

இப்போது என் கேள்விகள். இந்தச் சொற்களை ஒன்றையொன்று வெட்டும்படி கட்டத்தில் அடுக்குவது எனக்குச் சரியாக வரவில்லை, அதற்கு ஏதும் வழி உண்டா? வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது? இதற்கு மாதத்தில் எத்தனை பாடவேளை கொடுக்கலாம்? பாடத்திட்டம் முடியாமல் விளையாட்டா என்று ஏற்கனவே ஒரு பேச்சு வந்துவிட்டது.

ஊவாக் காற்று

சேர், நான் பண்டாரவளைப் பக்கம், சாதாரண தரத்துக்குத் தமிழ் மொழியும் இலக்கியமும் எடுக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் குறிப்புகளைச் சத்தமாக வாசித்தேன், நன்றாக இருக்கின்றன. ஆனாலும் மறுத்துத்தான் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

என்னிடம் தரம் 10க்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல் தெரியும். நான்கு வாக்கியத்தைத் தொடுத்து ஒரு பந்தி எழுதத்தான் தெரியாது. பரீட்சையில் கட்டுரை, கிரகித்தல், இலக்கணம், இலக்கிய நயம் என்று கேட்கிறார்கள், கட்டம் நிரப்பச் சொல்வதில்லை. 40 நிமிடப் பாடவேளையில் கட்டம் கீறவே 20 நிமிடம் போனால் அது யாருடைய நேரம்? பிள்ளையின் நேரம்தானே. ஆசிரியர் குறைவாக உள்ள பாடசாலைகளில் அந்த 20 நிமிடம் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன். தோட்டப் பாடசாலையில் படித்துவிட்டு டவுன் பாடசாலைக்குப் போன முதல் நாள், நான் "காம்பரா" என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அன்றைக்கு "அறை" என்ற சொல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு இல்லை. இஸ்தோப்பைக் கட்டத்தில் போடுவது பிள்ளைக்குச் சந்தோஷம் தரும். திண்ணையைக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் நாளைக்கு யார் கற்றுக்கொடுப்பது?

கட்டக்காரன்

ஹற்றனில் அச்சு வேலை செய்கிறேன், ஆசிரியர் இல்லை. தமிழில் குறுக்கெழுத்துக் கட்டுவது என் பழைய ஆசை, அதனால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புதிர் செய்யும் கருவிகளை நம்ப வேண்டாம். பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்காகச் செய்யப்பட்டவை. நமக்குக் "கொழுந்து" நான்கு எழுத்து: கொ, ழு, ந், து. கணினி உள்ளே அதை எட்டுக் குறியாகச் சேமிக்கிறது. க தனி, ஒகரக் கொம்பு தனி, ந தனி, அதன் புள்ளி தனி. ஆகவே அந்தக் கருவி எட்டுக் கட்டம் போட்டு, ஒரு கட்டத்தில் வெறும் புள்ளியை வைத்துவிடும். நான் எக்செல் தாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கையால் அடித்துத்தான் செய்கிறேன். பென்சிலும் கணக்குக் கொப்பியும் அதைவிட வேகம்.

அடுக்குவதற்கு நம் எழுத்தின் இயல்பைத் தெரிந்துகொண்டால் போதும். உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். அதனால் அ, இ உள்ள கட்டத்தில் இரண்டு சொல் சந்தித்தால், இரண்டும் அந்தக் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் ஆறும் கடைசியிலும் வராது. ஆகவே புள்ளி வைத்த எழுத்தில் வெட்டினால் பெரும்பாலும் இரண்டு சொல்லுக்கும் அது நடு எழுத்து. உதாரணம்: கம்பளி, காம்பரா. இரண்டிலும் இரண்டாம் எழுத்து ம். ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் போட்டால் ஒரு சிலுவை கிடைத்துவிடும். ழ, ள, ண, ன, ற வரிசையில் தமிழ்ச் சொல் தொடங்காது, அந்தக் கட்டத்திலிருந்து புதுச் சொல் தொடங்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். லயம், டவுன் மாதிரி இரவல் சொல் வேண்டுமானால் ல, ட வரிசையில் தொடங்கும்.

எளிய வழி, கடைசி எழுத்தைப் பார்ப்பது. நம் சொற்கள் து, டு, ம், ல், லை என்று முடிவது மிக அதிகம். கொழுந்து, கவ்வாத்து இரண்டும் "து"வில் முடிகின்றன, கடைசிக் கட்டத்தில் சந்திக்க வைக்கலாம். தேயிலையும் மலையும் "லை"யில் சந்திக்கும். இங்கிலீஷ் பத்திரிகைகளில் வருவது போல எல்லாக் கட்டமும் இரு பக்கமும் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மரக்கிளை மாதிரி பரந்த கட்டம் போதும். 1913 டிசம்பர் 21இல் ஆர்தர் வின் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் போட்ட முதல் குறுக்கெழுத்தே வைர வடிவத்தில், நடுவில் வெற்றிடம் விட்டுத்தான் வந்தது.

வாரமலர்ப் புதிர்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல், "கலைந்துள்ளது", "தலை இல்லை" எல்லாம் இருக்கும். அவை நேரம் போக்க விரும்பும் பெரியவர்களுக்கு. தரம் 7க்கு இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் இரண்டும் போதும்.

நானுஓயா டீச்சர்

கலைந்த எழுத்தைப் பற்றி ஆரம்பப் பிரிவிலிருந்து ஒரு வார்த்தை. எழுத்தைக் கலைத்துப் போட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிரை நான் விட்டுவிட்டேன். எழுத்துக்கூட்டல் உறுதியாக உள்ள பிள்ளைக்கு அது விளையாட்டு. தடுமாறும் பிள்ளைக்கு, ஏற்கனவே ஆட்டம் காணும் சொல்லை இன்னும் ஆட்டிக் காட்டுகிறோம். பிழையான வடிவத்தைப் பார்க்கப் பார்க்க அதுவே கண்ணில் பதிகிறது. கரும்பலகையில் பிழையை எழுதி அதன் மேல் கோடு போடுவதையும் அதனால்தான் நிறுத்தினேன்.

ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் ஒரே புதிரில் போடாதீர்கள். வலி, வளி, வழி என்று சேர்த்துக் கொடுத்தால் மூன்றும் கலங்கிவிடும். இந்த வாரம் வழி மட்டும், அதோடு குழி, விழி. நன்றாக ஊறிய பிறகு வலியைக் கொண்டு வாருங்கள்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் செய்வது இதுதான். இரண்டு அல்லது மூன்று எழுத்துச் சொல் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கரும்பலகையில் அத்தனை கட்டம் போடுவேன். பிள்ளைகள் ஒரு சொல் சொல்வார்கள். எழுத்து அப்படியே பொருந்தினால் முழு வட்டம். மெய் ஒன்றாகவும் உயிர் வேறாகவும் இருந்தால் அரை வட்டம். நான் நினைத்தது "கூடை" என்று வைத்துக்கொள்ளுங்கள், அது இரண்டெழுத்து. பிள்ளை "காடை" என்றால் முதல் கட்டத்துக்கு அரை வட்டம், இரண்டாவதுக்கு முழு வட்டம். "க சரி, ஆனா கா இல்ல" என்று சொல்லிக்கொண்டே கி, கீ, கு, கூ என்று வரிசையாகப் போவார்கள். போனில் பலர் விளையாடும் வேர்டிலைப் பார்த்து வந்த யோசனைதான், அரை வட்டத்தை நம் எழுத்துக்காகச் சேர்த்தேன். உயிர்மெய் அட்டவணையை ஒப்புவிக்க முடியாத பிள்ளை இதற்காக அந்த அட்டவணையைத் தானாகத் தேடிப் போகிறது. பார்க்க மனம் நிறையும்.

பதுளை ஐயா

இளைப்பாறி ஒன்பது வருடமாகிறது. இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டத்துக்குள் எழுத்தை அடைத்து விளையாடுவது நமக்குப் புதிதில்லை, தம்பிமார்களே. சம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார், பின்னிருந்து படித்தாலும் அதே வரி. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் சருப்பதோபத்திரம் என்று ஒன்று உண்டு. 64 கட்டத்தில் எழுதி நாலு பக்கமும் படிக்கலாம். அக்கரச்சுதகம் என்பது எழுத்தை ஒவ்வொன்றாக உதிர்த்து வேறு வேறு சொல் எடுப்பது. இந்தப் பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "சிகரம்" எழுதுங்கள். க உதிர்ந்தால் சிரம், சி உதிர்ந்தால் கரம். "கவலை"யில் வ போனால் கலை, க போனால் வலை. "மாதுளை"க்குள் மா, மாது, துளை மூன்றும் இருக்கின்றன. ஐந்து நிமிடம் போதும், கட்டம் கீற வேண்டியதில்லை. பண்டாரவளை டீச்சரின் நேரக் கவலைக்கு இது ஒரு பதில்.

அவருடைய இன்னொரு கவலைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப் போன சொல். காம்பரா போர்த்துக்கேயர் தந்தது. ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, நாம் காலையில் தின்னும் பாண், இவையும் போர்த்துக்கேயர் தந்தவைதான். ஜன்னலை யாரும் தோட்டத்துப் பேச்சு என்று சொல்வதில்லை. அன்றைக்கு உங்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளின் வீட்டிலும் ஜன்னலும் அலமாரியும் இருந்திருக்கும் மகள். காம்பராவோடு சேர்ந்து வந்த சொற்களைத்தான் அவர்களும் பேசினார்கள்.

கொழுந்துக்கூடை

நான் டீச்சர் இல்லை, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள். மகள் தரம் 6. அவளுடைய டீச்சரும் இப்படி வீட்டுச் சொல் கேட்டு அனுப்பியிருந்தார். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாயியிடம் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை எப்படிக் கட்டுவது, முன்னே எதில் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்று ஒரே கேள்வி. என் மாமியாருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பிள்ளையின் கொப்பியைக் கண்டால் எழும்பிப் போய்விடுவார். அன்றைக்கு விளக்கு அணைக்கும் வரைக்கும் இருந்து சொன்னார். மறுநாள் அவரே, "நான் சொன்னத டீச்சர் சரின்னு போட்டாங்களா?" என்று கேட்டார். போட்டிருந்தார்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மஸ்கெலியா மழை

அக்கா, நீங்கள் எழுதியதை நாளைக்கு வகுப்பில் வாசிக்கப் போகிறேன். பெயரெல்லாம் இல்லாமல்.

ஊவாக் காற்று டீச்சருக்கு. சொல் தெரியும், பந்தி வராது என்றீர்கள். என் வகுப்பும் அப்படித்தான். அதனால்தான் விடை தேடுவதைவிடக் குறிப்பு எழுதுவதை முக்கியமாக எடுத்தேன். ஒரு பிள்ளை பெரட்டுக்கு முதலில் எழுதியது "காலையில் போவது". அதைக் கேட்டதும் அடுத்த வாங்கிலிருந்து "ஸ்கூலா?" என்று சத்தம் வந்தது. பிள்ளை "காலையில் எல்லாரும் கூடுவது" என்று மாற்றினாள். "கோயிலா?" என்றார்கள். மூன்றாம் தடவைதான் "விடியும் முன்னே அப்பாவுக்குப் பேர் போடும் இடம்" வந்தது. நேரம், ஆள், செயல், இடம் நான்கையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டு வந்துவிட்டாள். "தெளிவாக எழுது" என்று நான் சிவப்புப் பேனையால் எத்தனை தடவை எழுதியிருப்பேன். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தபோதுதான் அவள் திருத்தினாள்.

எழுத்துப் பிழையிலும் அப்படித்தான். சொல்வதெழுதலில் "தேயிளை" என்று எழுதினால் நான் சுழித்து விடுவேன், பிள்ளை கொப்பியை மூடிவிடும். கட்டத்தில் அதே பிழை வந்தால் நெடுக்கே வரும் மலை "மளை" ஆகிவிடுகிறது. பிள்ளையே நிறுத்தி, எது பிழை என்று தேடி, றப்பரை எடுக்கிறது.

திண்ணையை விடக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இப்போது இரண்டையும் ஒரே புதிரில் போடுகிறேன். குறுக்கே: "நம் லயத்தில் இஸ்தோப்பு, கதைப் புத்தகத்தில் இது, மூன்று எழுத்து." நெடுக்கே: "புத்தகத்தில் அறை, நம் வீட்டில் இது, நான்கு எழுத்து." பிள்ளை இரண்டு சொல்லோடும் வெளியே போகட்டும். எங்கே எதைச் சொல்வது என்றும் தெரிந்திருக்கட்டும்.

ஊவாக் காற்று

சேர், நன்றி. ஐயாவுக்கும் நன்றி, ஜன்னல் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது.

"ஸ்கூலா? கோயிலா?" என்ற பகுதியை என் தரம் 10இல் செய்து பார்த்தேன். கட்டம் இல்லை, குறிப்பு மட்டும். இலக்கணச் சொற்களைக் கொடுத்தேன்: ஆகுபெயர், எச்சம், எழுவாய். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி ஒப்புவிக்கும் பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுத முடியாமல் திணறினார்கள். ஆகுபெயருக்கு ஒரு மாணவி கடைசியில் எழுதினாள்: "தோட்டமே வேலைக்குப் போகவில்லை என்று சொல்லும்போது தோட்டம் எங்கே போகும்? போகாதது ஆட்கள்தான்." அந்த வரிக்குப் பிறகு இடவாகுபெயரை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கட்டத்தை நான் இன்னும் ஏற்கவில்லை, மேல் வகுப்புக்கு நேரமில்லை. மாதத்தில் ஒரு பாடவேளை, அதுவும் அந்த மாதம் படித்த பாடத்துச் சொற்களை மீட்டுவதற்கு என்றால் சரி. கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுப்பது நீண்ட நாள் நிற்கும் என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த ஆய்வில் காட்டினார்கள். அந்த வகையில் புதிர் உதவும். புதுச் சொல்லைப் புதிரில்தான் முதல் தடவை பார்க்க வேண்டும் என்று வைக்காதீர்கள். தெரியாத சொல்லைக் கட்டத்தை வெறித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரு மொழி

நுவரெலியாவில் சிங்களப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கிறேன். இரு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள சொற்களிலிருந்து புதிரைத் தொடங்குவேன்: அம்மா, அக்கா, முருங்கா, தக்காலி, கடே. முதல் நாளே ஐந்து கட்டத்தை நிரப்பிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகுதான் முருங்கை, தக்காளி, கடை என்று நம் வடிவத்துக்குக் கொண்டு வருவேன். தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் "தக்காலி" என்று எழுதுவதற்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம், பிழை என்று சுழிக்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

மஸ்கெலியா மழை

மாதத்தில் ஒரு பாடவேளை என்பதையே எடுத்துக்கொள்கிறேன் டீச்சர். கீறும் நேரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், கட்டத்தை வீட்டிலிருந்தே கீறிக்கொண்டு வருகிறார்கள்.

கட்டக்காரன் அண்ணன் சொன்னபடி கடைசி எழுத்தில் சந்திக்க வைத்து, நேற்று ஒரு சோடி முழுசாக ஒரு புதிர் கட்டியது. அதில் மூன்று குறிப்பை இங்கே போடச் சொல்லிக் கேட்டார்கள். வெளியாட்களுக்கு விளங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

குறுக்கே, மூன்று எழுத்து: "நாங்கள் பறிப்போம், உலகம் குடிக்கும்."
நெடுக்கே, இரண்டு எழுத்து, கடைசி எழுத்தில் மேலே உள்ளதைச் சந்திக்கும்: "அம்மா விடியற்காலையில் போவார், பொழுதுபட வருவார்."
தனியாக, நான்கு எழுத்து: "குளிருக்கும் மழைக்கும் ஒன்றுதான், நனைந்தால் தூக்க முடியாது."

கட்டக்காரன்

தேயிலை. கடைசியில் உள்ளது கம்பளி. நடுவில் உள்ளது வேலை.

கொழுந்துக்கூடை

வேலை இல்லை தம்பி, மலை. நாங்கள் மலைக்குப் போகிறோம் என்றுதானே சொல்வோம்.

கட்டக்காரன்

அக்கா சொல்வதும் பொருந்துகிறது. இரண்டெழுத்து, லையில் முடிகிறது. குறிப்புக்கும் சரி. சேர், எது விடை?

மஸ்கெலியா மழை

அந்தப் பிள்ளையிடம் காலையில் கேட்டேன். "மலைதான் சேர்" என்றாள். வேலை என்றும் ஒருவர் சொல்கிறாரே, அதுவும் கட்டத்துக்குப் பொருந்துகிறதே என்றேன். கொஞ்ச நேரம் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே சேர்" என்றாள்.

அப்புறம் அவளே கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள். இடைவேளை முடிந்து திரும்பித் தந்தபோது, முதல் எழுத்திலிருந்து குறுக்கே ஒரு கட்டம் கூடியிருந்தது, வேலை என்று யாரும் எழுத முடியாதபடி. புதிய சொல் மழை. அதற்கு அவள் எழுதிய குறிப்பு: "இது வந்தாலும் அம்மா நிற்க மாட்டார்."